சுவருக்கு இரு பக்கமும்

என் தோள்பையில் பல வருடங்கள் ஒரு பழைய ஹப் கிடந்தது. நான்கு போர்ட், 10 எம்.பி.பி.எஸ்., ஒரு மூலையில் பிளாஸ்டிக் உடைந்தது. ஸ்விட்ச் மலிந்த பிறகு ஹப்பை யாரும் சீந்துவதில்லை. ஆனால் பயர்வால் தகராறு என்று கூப்பிட்டபோதெல்லாம் நான் முதலில் எடுத்து வைத்தது அதைத்தான். ஸ்விட்ச் ஒரு பாக்கெட்டை உரியவரிடம் மட்டும் கொடுக்கும். ஹப் வந்ததை எல்லா போர்ட்டிலும் அப்படியே தள்ளிவிடும். பயர்வாலுக்கும் ரூட்டருக்கும் நடுவே ஹப்பைச் செருகி, மூன்றாவது போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினால் கம்பியில் போவதும் வருவதும் கண்முன்னே ஓடும்.

இதற்கு எங்கள் பேச்சில் ‘கேப்சர் போடுவது’ என்று பெயர். பயர்வால் வேலையில் இருப்பவன் கேப்சர் போடாமல் ஒரு வாரம் தள்ள முடியாது. தினமும் செய்கிற இந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. சுவர் எழுப்பியவர்களும் அந்தச் சுவரடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கருவி செய்தவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஈதர்நெட் பிறந்தபோது எல்லா இயந்திரமும் ஒரே தடித்த கோஆக்சியல் கேபிளில் தொங்கின. ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். தனக்கு வராத பாக்கெட்டை நெட்வொர்க் கார்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவ்வளவுதான் அன்றைய ஒழுங்கு. ‘எதையும் விடாதே, எல்லாவற்றையும் மேலே அனுப்பு’ என்று கார்டுக்குச் சொல்லிவிட்டால் கேபிள் முழுவதும் உங்களுடையது. சிக்கல் அதற்கு மேலேதான். வந்து குவிவதில் நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது எப்படி?

1980-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக் அக்செட்டாவும் ரிக் ரஷீதும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எந்த வகைப் பாக்கெட் வேண்டும் என்று ஒரு குட்டி நிரலாக எழுதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுத்துவிட வேண்டும். கெர்னல் சல்லடை போட்டுச் சலித்துத் தரும். வேவு பார்ப்பது அவர்கள் நோக்கமல்ல. கெர்னலில் கை வைக்காமல் புதிய புரோட்டோகால்களை எழுதிப் பார்க்கவே அது பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஜெஃப்ரி மோகல் அதை பி.எஸ்.டி. யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தார். மூவரும் சேர்ந்து 1987-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பாக்கெட் ஃபில்டர்’ என்ற சொல் இருக்கிறது. மோகல் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

இதற்கிடையே 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு சம்பவம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம். நடந்தே போய்விடலாம். அந்த 400 கஜத்தில் இணைய வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நாற்பது பிட் என்றால் விநாடிக்கு ஐந்து எழுத்து. ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் அரண்டு போனார். பல்கலைக்கழகத்து மைக் கேரல்ஸோடு சேர்ந்து, எந்தப் பாக்கெட் எப்போது போனது, எது திரும்பத் திரும்பப் போனது என்று ஆராய்ந்தார். நெரிசல் ஏற ஏற, ஒவ்வொரு இயந்திரமும் போன பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை மேலும் ஏற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்று உலகமெங்கும் டி.சி.பி. நிதானமாகத் தொடங்கி, நெரிசலைக் கண்டால் பின்வாங்குகிறதே, அந்தப் பாடம் அங்கே கற்றது. 1988-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதே காலத்தில் அதே ஆய்வகத்தில் ஜேக்கப்சனும் கிரெய்க் லெரஸும் ஸ்டீவன் மெக்கேனும் எழுதிய கருவிதான் டி.சி.பி.டம்ப். இன்றும் பயர்வாலில் உள்ளே நுழைந்ததும் என் விரல் தானாகத் தட்டுகிற கட்டளை அது. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு வரி: நேரம், எங்கிருந்து, எங்கே, என்ன கொடி, எத்தனை பைட். அந்த ஒரு வரியின் சிக்கனத்தை நான் எப்போதும் வியப்பேன். அது ஓட வேகம் வேண்டும் என்று மெக்கேனும் ஜேக்கப்சனும் பழைய சல்லடையை அடியோடு மாற்றினார்கள். பழையது பி.டி.பி.-11 காலத்து இயந்திரத்தை மனத்தில் வைத்துச் செய்தது. புதியதற்கு பி.எஸ்.டி. பாக்கெட் ஃபில்டர், சுருக்கமாக பி.பி.எஃப். என்று பெயர். 1993 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். சலிக்கும் வேகம் பழையதைவிட 20 மடங்கு வரை. சன் நிறுவனத்தின் அன்றைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் 100 மடங்கு வரை.

வியாபாரத்திலும் இருவர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1986-இல் ஹாரி சாலும் லென் ஷஸ்டெக்கும் நெட்வொர்க் ஜெனரல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தூக்கிச் செல்லும் கணினியில் ‘ஸ்னிஃபர்’ என்ற கருவியை விற்றார்கள். அந்த வியாபாரப் பெயரே பிறகு தொழிலின் பொதுப் பெயராகிவிட்டது. காசுள்ள கம்பெனிகளுக்கு ஸ்னிஃபர், மற்றவர்களுக்கு டி.சி.பி.டம்ப் என்றிருந்த நிலை 1998 வரை நீடித்தது. அந்த வருடம் கான்சஸ் சிட்டியில் ஒரு சிறிய இணைய சேவை நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெரால்ட் கோம்ப்ஸ், தங்களிடம் இருந்த சோலாரிஸிலும் லினக்ஸிலும் ஓடுகிற, கைக்கு எட்டுகிற கருவி கிடைக்காமல் தானே ஒன்றை எழுதி இலவசமாக வெளியிட்டார். ஈத்தீரியல் என்பது முதல் பெயர். 2006-இல் பெயருரிமைச் சிக்கலால் வயர்ஷார்க் ஆனது. இன்று கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் பார்க்கும் வண்ண வண்ண வரிகள் அவர் தந்தவை.

இனி சுவர். 1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு இணையத்தில் பரவியது. அதுவரை திறந்த வீடாக இருந்த இடங்களில் கதவு வைக்கும் யோசனை வலுத்தது. மறு வருடம், 1989-இல், டி.இ.சி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஒருவர் ‘ஸ்க்ரீன்ட்’ என்ற நிரலைப் பற்றிக் கட்டுரை படித்தார். நுழைவாயில் இயந்திரத்துக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி, விதிப் பட்டியலைப் பார்த்து, விடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் நிரல். தொடக்ககால பயர்வால்களில் அது ஒன்று. எழுதியவர் ஜெஃப்ரி மோகல். பாக்கெட்டைப் பார்க்கச் சல்லடை செய்தவரே, பாக்கெட்டை நிறுத்தவும் சல்லடை செய்தார்.

இரண்டும் ஒரே வேலை என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்கலாம். எங்களுக்கு இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பிழைப்பே நடக்கிறது. இந்த இடைவெளியை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் முதல் வேலையில் இருந்த மூத்த பொறியாளர். கிண்டியில் ஒரு சின்ன அலுவலகம். 2001-ஆம் வருடம். லினக்ஸ் பெட்டியே பயர்வால், பயர்வாலே சர்வர். வெளியிலிருந்து இணைப்பு வரவில்லை என்று புகார். டி.சி.பி.டம்ப் போட்டேன், பாக்கெட் வந்துகொண்டிருந்தது. “சார், பாக்கெட் வருது சார். பயர்வால் பிடிக்கலை” என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தம்பி, வாசல்ல ஆளைப் பார்த்ததை வச்சு வீட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு சொல்லாதே.”

லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டை டி.சி.பி.டம்ப் பார்ப்பது பயர்வால் விதிகள் அதைத் தொடுவதற்கு முன்னால். வெளியே போகும் பாக்கெட்டைப் பார்ப்பது விதிகள் எல்லாம் முடிந்த பின்னால். ஆகவே வரும் வழியில் தெரிந்தால் ‘வந்து சேர்ந்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். போகும் வழியிலும் தெரிந்தால்தான் ‘விட்டார்கள்’ என்று அர்த்தம். அவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்: இணைப்புக் கேட்கும் எஸ் கொடி போட்ட ஒரு வரி. 3 விநாடி கழித்து அதே வரி. பிறகு 6 விநாடி. பிறகு 12. பதில் இல்லை. “இது மௌனமா விழுங்கறது, டிராப். விநாடி தவறாம ஆர் கொடி திரும்பி வந்திருந்தா யாரோ வேணாம்னு சொல்றாங்கன்னு அர்த்தம். வேணாம்னு சொல்றவனைக் கண்டுபிடிச்சிரலாம். பேசாதவனைத்தான் ரெண்டு பக்கமும் நின்னு பிடிக்கணும்.” அன்று முதல் நான் ஒரு பக்கக் கேப்சரை வைத்து எந்த முடிவும் சொன்னதில்லை.

இரு பக்கமும் நின்றதன் பலன் 2003 கடைசியில் கிடைத்தது. சென்னையில் தலைமை அலுவலகமும் திருப்பூரில் கிளையும் வைத்திருந்த ஓர் ஏற்றுமதி நிறுவனம். இடையே 64 கே.பி.பி.எஸ். லீஸ்டு லைன், அதன் மேல் ஜி.ஆர்.இ. டன்னல். திருப்பூர்க்காரர் சென்னை மெயில் சர்வரிலிருந்து மடல்களை இறக்குவார். 17 மடல் இருந்தால் ஐந்து இறங்கும்; ஆறாவதில் நிற்கும். எத்தனை முறை முயன்றாலும் ஆறாவதில். அந்த ஆறாவதில் ஒரு இன்வாய்ஸ் இணைப்பு இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பதினொன்றும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டன. லைன் சரியில்லை என்றார்கள். லைனைச் சோதித்தவர் சரியாக இருக்கிறது என்றார். பயர்வால் லாகைப் பார்த்தால் எல்லா இணைப்புக்கும் ‘அனுமதி’ என்று பச்சையாக இருந்தது. கப்பல் தேதி நெருங்குகிறது; அந்த மனிதர் தொலைபேசியில் கெஞ்சாத குறை.

மெயில் சர்வரிலேயே ஒரு கேப்சர் போட்டேன். பயர்வாலுக்கு வெளியே, ரூட்டருக்கு முன்னால், ஹப்பைச் செருகி இன்னொன்று. இரண்டு கடிகாரத்தையும் முதலில் ஒத்து வைத்தேன். அது இல்லாமல் இரண்டு கேப்சரை அடுத்தடுத்து வைத்துப் படிக்க முடியாது. திருப்பூரில் மறுபடி ‘இறக்கு’ பொத்தானை அழுத்தச் சொன்னேன்.

சர்வர் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல், பட்டியல் எல்லாம் சின்னப் பாக்கெட்டுகளாக ஓடி முடிந்தன. ஆறாவது மடல் தொடங்கியதும் 1,460 பைட் தரவு சுமந்த பாக்கெட் புறப்பட்டது. ஒப்புதல் வரவில்லை. அதே எண், அதே நீளம், மறுபடி. மறுபடி. இடைவெளி மட்டும் இரட்டித்துக்கொண்டே போனது. வெளிப்பக்கக் கேப்சரிலும் அதே பாக்கெட் இருந்தது. பயர்வால் அதை விட்டிருக்கிறது. ஆனால் அங்கே, அதை ஒட்டினாற்போல், இன்னொரு வரி. ரூட்டர் சர்வருக்கு எழுதிய ஐ.சி.எம்.பி. செய்தி: போய்ச்சேர வழியில்லை, துண்டாக்க வேண்டும், எம்.டி.யு. 1476. ஒவ்வொரு பெரிய பாக்கெட்டுக்கும் ரூட்டர் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தது. சர்வர் பக்கக் கேப்சரில் அந்தப் பதில்களில் ஒன்றுகூட இல்லை.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை போகலாம்; இந்த உச்ச அளவுதான் எம்.டி.யு. ஜி.ஆர்.இ. டன்னல் தன் தலைப்புக்கு 24 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1,476. சர்வரோ ‘இதைத் துண்டாக்காதே’ என்று முத்திரை குத்தி 1,500 அனுப்புகிறது. ரூட்டர் முறைப்படி ‘பெரிதாக இருக்கிறது, 1,476-க்குள் அனுப்பு’ என்று திருப்பிச் சொல்கிறது. அந்தக் கடிதத்தை நடுவில் பயர்வால் கிழித்துப் போடுகிறது. அந்த வருடம் ஆகஸ்டில் வெல்சியா புழு பரவியபோது அது பிங் அனுப்பி அனுப்பியே இயந்திரங்களைத் தேடியது. பயந்துபோய்ப் பல இடங்களில், பிங் பயணிக்கும் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் அடைத்தார்கள். இங்கேயும் அப்படி ஒரு விதி எழுதப்பட்டு, லாக் எழுதத் தேவையில்லை என்று குறிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் லாகில் எல்லாம் பச்சை.

ஐ.சி.எம்.பி. வகை 3, கோடு 4. அதற்கு மட்டும் ஓர் அனுமதி விதியை மேலே சேர்த்தேன். சர்வர் அடுத்த தடவை அனுப்பிய பாக்கெட் சிறுத்திருந்தது, ஒப்புதல் வந்தது, வரிகள் ஓடத் தொடங்கின. “வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க” என்று திருப்பூரிலிருந்து குரல் வந்தது. 64 கே.பி.பி.எஸ். லைனில் மிச்ச மடல்கள் இறங்கி முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ரூட்டர் இப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும், சர்வர் அதைக் கேட்டுத் தன் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு 1990 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1191 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. ஸ்டீவ் டீரிங்கோடு சேர்ந்து அதை எழுதியவரும் ஜெஃப்ரி மோகல்தான். பார்க்கும் சல்லடை, நிறுத்தும் சல்லடை, நிறுத்தும் சல்லடை விட்டாக வேண்டிய ஒரு செய்தி – மூன்றிலும் ஒரே கையெழுத்து. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையல்ல.

அந்தக் கேப்சரில் எனக்குச் சங்கடம் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரரின் கடவுச்சொல் பளிச்சென்று படிக்கும்படி ஓடியது. அந்தக் காலத்து மெயில் புரோட்டோகால் அப்படி. பழைய டி.சி.பி.டம்ப் நாம் கேட்காவிட்டால் ஒரு பாக்கெட்டில் முதல் 68 பைட்டை மட்டும் எடுக்கும். தலைப்புகளுக்கு அது போதும். கடிதத்தின் உறையைப் படிக்கலாம், உள்ளிருப்பதைப் பெரும்பாலும் படிக்க முடியாது. இப்போதைய பதிப்புகள் 2,62,144 பைட் வரை அள்ளிவிடுகின்றன. பயர்வால் கோளாறில் பத்துக்கு ஒன்பது உறையைப் படித்தாலே தீரும் என்பது என் அனுபவம். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம் அளவைக் குறைத்து எடுக்கவும், வேலை முடிந்த அன்றே கோப்பை அழிக்கவும் சொல்கிறேன். அடுத்தவர் பேச்சைக் கேட்கும் உரிமையை யாரும் நமக்குத் தரவில்லை.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கே திரும்புகிறேன். ஜேக்கப்சனின் குழுவில் பிற்பாடு சேர்ந்தவர் சாலி ஃப்ளாய்ட். அதற்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயிலில் கணினி வேலை பார்த்தவர். நெரிசலைப் பாக்கெட்டைத் தொலைத்துத்தான் தெரிவிக்க வேண்டுமா, தலைப்பில் ஒரு குறி வைத்தே தெரிவிக்கலாமே என்ற யோசனையை அவரும் கே.கே. ராமகிருஷ்ணனும் – பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர் – 1999-இல் சோதனை நிலையில் வெளியிட்டார்கள். 2001-இல் அது ஆர்.எஃப்.சி. 3168 என்ற தரநிலை ஆனது. டி.சி.பி. தலைப்பில் இருபது வருடம் காலியாகக் கிடந்த இரண்டு பிட்களை இதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4-இல் இந்த வசதி இருந்தது. அதை இயக்கியவர்களுக்குச் சில இணையதளங்கள் திறக்கவே இல்லை. கேப்சர் போட்டால் விஷயம் இரண்டே வரி: அந்த இரண்டு பிட்களோடு எஸ் கொடி போகிறது, உடனே ஆர் கொடி திரும்புகிறது. பிட்களை அணைத்துவிட்டு அனுப்பினால் இணைப்பு கிடைக்கிறது. நடுவில் நின்ற சில பயர்வால்கள், காலியாக இருக்க வேண்டிய பிட் நிரம்பியிருந்தால் அது தாக்குதல் என்று நினைத்து, சர்வர் மறுத்ததுபோல் தாங்களே மறுப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. ஃப்ளாய்ட் இதை விடவில்லை. 2002 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 3360-ஐத் தனியாக எழுதினார். பொருத்தமற்ற இந்த மறுப்புகள் தீங்கானவை என்பதைத் தலைப்பிலேயே சொன்னார். எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை இன்று புரியாததாலேயே அடைத்துவிட்டால், நாளை யாரும் புதிதாக எதையும் கொண்டுவர முடியாது என்பது அவர் வாதம். 2019-இல் அவர் காலமானார். பயர்வால் விதி எழுதும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆவணம் என்று நான் கைகாட்டுவது அவருடைய அந்த ஆர்.எஃப்.சி.யைத்தான்.

பயர்வால் செய்பவர்களும் மெல்ல மெல்லப் பார்வைக்கு இடம் கொடுத்தார்கள். செக்பாயிண்ட் பயர்வாலில் ஒரே பாக்கெட்டை நான்கு இடத்தில் காட்டும் கட்டளை உண்டு: நுழைவாயில் சோதனைக்கு முன் சின்ன ஐ, பின் பெரிய ஐ, வெளிவாயிலில் சின்ன ஓ, பெரிய ஓ. சின்ன ஐ தெரிந்து பெரிய ஐ தெரியாவிட்டால் விழுங்கிய இடம் எது என்று கேட்கவே வேண்டாம். 2001 டிசம்பரில் வந்த ஓப்பன்பி.எஸ்.டி. 3.0-இல் டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பி.எஃப். என்ற பயர்வால் எனக்கு இன்னும் பிடிக்கும். தான் மறுத்த பாக்கெட்டை அது டி.சி.பி.டம்ப் படிக்கும் வடிவத்திலேயே பதிந்து வைக்கிறது. சுவர் தன் மறுப்பைப் பார்வையாளனின் மொழியிலேயே எழுதித் தருகிறது. எல்லா பயர்வாலும் இப்படி இருந்தால் என் ஹப்புக்கு எப்போதோ ஓய்வு கிடைத்திருக்கும்.

இன்று அந்த ஹப்பை மாட்ட இடமில்லை. ஸ்விட்சிலேயே ஒரு போர்ட்டின் நகலை இன்னொன்றுக்கு அனுப்பிக்கொள்ளலாம். கிளவுடில் கம்பியே கண்ணில் படாது. ஆனால் பழைய கோளாறு போகவில்லை. ஐ.பி.வி.6-இல் நடுவழி ரூட்டர் எதையும் துண்டாக்கவே கூடாது என்பது விதி. ஆகவே ‘பெரிதாக இருக்கிறது’ என்ற அந்தச் செய்தி வந்து சேர்வது முன்பைவிட அவசியம். அதைத் தடுக்கக் கூடாது என்று 2007-இல் ஆர்.எஃப்.சி. 4890 தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போன மாதம்கூட ஓர் அலுவலகத்தில் அதே மௌனத்தைக் கேப்சரில் பார்த்தேன்.

உங்கள் பொறுப்பில் ஒரு பயர்வால் இருந்தால், இன்று மாலை அதன் விதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஐ.பி.வி.4-இல் ஐ.சி.எம்.பி. வகை 3 கோடு 4, ஐ.பி.வி.6-இல் ஐ.சி.எம்.பி.வி6 வகை 2. இரண்டுக்கும் அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புமுன் சேர்த்துவிடுங்கள்.